டீ ட்ரீ ஆயிலும் முகப்பருவும்: எத்தனை சதவீதம் என்பதே கேள்வி

டீ ட்ரீ ஆயில் தடவி இரண்டு மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது என்கிறார் ஒருவர். அதே எண்ணெயை ஒரே ஒரு இரவு தடவிவிட்டு, கன்னம் சிவந்து தோல் உரிந்து நிற்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் ஆறு மாதமாக டீ ட்ரீ ஃபேஸ்வாஷ் போடுகிறார். அவருக்கு நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை.

மூவரில் யாரும் பொய் சொல்லவில்லை. மூவரும் பயன்படுத்தியது ஒரே பொருள் இல்லை, அவ்வளவுதான். முதலாமவரிடம் இருந்தது 5 சதவீத ஜெல்லாக இருந்திருக்கலாம். இரண்டாமவர் தடவியது கலப்பில்லாத 100 சதவீத எண்ணெய். மூன்றாமவரின் ஃபேஸ்வாஷில் ஒரு சதவீதம்கூட இருந்திருக்காது. டப்பாவின் முகப்பில் பச்சை இலைப் படத்தோடு பெரிதாக அச்சிட்டிருக்கும் பெயர் மூன்றிலும் ஒன்றுதான். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது, பருவில் அது எந்த இடத்தில் வேலை செய்கிறது, ஆய்வுகளில் என்ன தெரிந்தது, கையில் இருக்கும் பொருளை எப்படி எடைபோடுவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் பெயர்: இது தேயிலை இல்லை

தமிழில் பல இடங்களில் இதைத் 'தேயிலை மர எண்ணெய்' என்று எழுதுகிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த வினை இது. நாம் குடிக்கும் தேயிலை கமீலியா சைனென்சிஸ் என்ற செடியிலிருந்து வருகிறது. டீ ட்ரீ ஆயில் எடுக்கப்படுவது மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற வேறொரு மரத்தின் இலையிலிருந்து. இது யூகலிப்டஸ், கொய்யா, நாவல் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே 'பச்சைத் தேநீர் தோலுக்கு நல்லது, அதனால் டீ ட்ரீயும் நல்லது' என்ற வாதத்துக்கு அடிப்படையே கிடையாது. தேயிலையின் குணங்கள் எதுவும் இதற்கு வராது.

மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குப் பகுதியிலும் அதை ஒட்டிய குயின்ஸ்லாந்திலும் இயற்கையாக வளர்கிறது. அங்குள்ள பண்ட்ஜலங் பழங்குடி மக்கள் இதன் இலையைக் கசக்கிப் புண்ணுக்கும் சளிக்கும் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற ஆஸ்திரேலிய வேதியியலாளர் இந்த எண்ணெயைச் சோதித்தார். அந்நாளில் கிருமிநாசினிகளுக்கு அளவுகோலாக இருந்தது கார்பாலிக் அமிலம். அதைவிட இது 11 மடங்கு வீரியமாகக் கிருமியைக் கொல்கிறது என்று அவர் கண்டார். ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தபிறகு இந்த எண்ணெயை மறந்தார்கள். அந்த மருந்துகளுக்குக் கிருமிகள் அடங்காமல் போகத் தொடங்கியதும் மறுபடி இதன் பக்கம் திரும்பினார்கள்.

இலையையும் இளங்கிளைகளையும் நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். பசுந்தழையின் எடையில் ஒன்று முதல் இரண்டு சதவீதம்தான் எண்ணெயாகக் கிடைக்கும். கிடைப்பதும் ஒற்றை வேதிப்பொருள் இல்லை. ஏறக்குறைய 100 சேர்மங்களின் கலவை. அதில் நமக்கு முக்கியமானவை இரண்டு.

1. டெர்பினன்-4-ஆல். கிருமியைக் கொல்லும் வேலையில் பெரும்பங்கு இதனுடையது. சர்வதேசத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 4730 என்ற தரவிதி, நல்ல எண்ணெயில் இது 35 முதல் 48 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்கிறது.

2. 1,8-சினியோல். யூகலிப்டஸ் தைலத்தின் மணத்துக்குக் காரணமான அதே பொருள். இது கூடினால் டெர்பினன்-4-ஆல் குறைவது வழக்கம். அதனால் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று அதே விதி கட்டுப்படுத்துகிறது.

சந்தையில் கலப்படம் அதிகம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மலிவான டெர்பீன்களை (மணமுள்ள தாவர எண்ணெய்களில் இருக்கும் சேர்மங்கள்) சேர்த்து, எண்கள் மட்டும் விதிக்குப் பொருந்தும்படி செய்த எண்ணெய்களை ஆய்வகங்கள் பலமுறை பிடித்திருக்கின்றன. மணத்தை வைத்து நாம் கண்டுபிடிக்க முடியாது. தாவரத்தின் முழு அறிவியல் பெயர், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகிய மூன்றும் இல்லாத பாட்டிலை வாங்காமல் இருப்பதுதான் நம்மால் முடிந்தது.

பரு உண்டாகும் வழியில் நான்கு படிகள்

ஒரு மருந்து என்ன செய்யும் என்று புரிய, நோய் எப்படி உண்டாகிறது என்று தெரிய வேண்டும். முகத்தில் ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஒரு எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. பரு அங்கேதான் பிறக்கிறது.

1. ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் சுரப்பி அதிக எண்ணெயைச் சுரக்கிறது. இந்த எண்ணெய்க்குச் சீபம் என்று பெயர்.

2. மயிர்க்காலின் உட்சுவரிலிருந்து உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கின்றன. அடைப்பு மேலே திறந்திருந்தால் கரும்புள்ளி. மூடியிருந்தால் தோல் நிறத்திலோ வெள்ளையாகவோ சிறு பொரியாகத் தெரியும். (இதைச் சிலர் வெண்புள்ளி என்று எழுதுகிறார்கள். தமிழில் அந்தச் சொல் தோல் நிறமிழக்கும் வேறொரு நிலைக்கு நிலைத்துவிட்டதால் இங்கே தவிர்ப்பது நல்லது.)

3. அடைபட்ட எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. 2016 வரை இதற்குப் புரோப்பியோனிபாக்டீரியம் ஆக்னிஸ் என்று பெயர். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். இரண்டும் ஒன்றே.

4. உடலின் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ள, அழற்சி உண்டாகிறது. சிவப்பு, வலி, வீக்கம், சீழ் எல்லாம் இதன் விளைவு.

டீ ட்ரீ ஆயில் முக்கியமாகத் தொடுவது மூன்றாவது படியை. நான்காவதையும் ஓரளவு தொடுகிறது. முதல் படியில் இருக்கும் ஹார்மோனை அது ஒன்றும் செய்வதில்லை. இரண்டாவது படியின் அடைப்பை நீக்குவதில், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ரெட்டினாய்டு மருந்துகளுக்கு இருக்கும் வலு இதற்கு இல்லை. சிவந்த சிறு பருக்களும் சீழ்ப்பருக்களும் அதிகமாக இருப்பவருக்கு இது பயன்படலாம். மூக்கு முழுக்கக் கரும்புள்ளி இருப்பவர் பெரிதாக எதிர்பார்க்க வேண்டியதில்லை.

இன்னொரு கூட்டத்தையும் இங்கே பிரித்துவிட வேண்டும். பரு ஆறிய இடத்தில் பழுப்பாகவோ கருப்பாகவோ நிற்கும் தழும்புக்கு இந்த எண்ணெயைத் தேடுபவர்கள் நிறையப் பேர். அந்தக் கறுப்பு பாக்டீரியாவால் வந்தது இல்லை. அழற்சிக்குப் பிறகு அங்கே தங்கிவிட்ட மெலனின் நிறமி அது. டீ ட்ரீ ஆயிலுக்கு அங்கே வேலை கிடையாது. போதாக்குறைக்கு, எண்ணெய் எரிச்சலை உண்டாக்கினால் புதிதாக இன்னும் கருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலுக்கு இந்த ஆபத்து அதிகம். மங்குக்கும் இதே பதில்தான்.

எண்ணெய் கிருமியை என்ன செய்கிறது?

டெர்பினன்-4-ஆல் கொழுப்பில் எளிதாகக் கரையும். பாக்டீரியாவின் செல் சவ்வுக்கு அடிப்படை கொழுப்பு. எண்ணெய் அந்தச் சவ்வுக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைக் குலைக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிகின்றன, மூச்சு விடும் இயக்கம் நிற்கிறது, செல் சாகிறது.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பெரும்பாலும் கிருமியின் ஒரே ஒரு பாகத்தைக் குறிவைக்கும். அந்தப் பாகம் சற்று மாறிவிட்டால் மருந்து தோற்றுவிடும். எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் இரண்டுக்கும் பருக் கிருமி இப்படித்தான் பல நாடுகளில் பழகிவிட்டது. சவ்வு முழுவதையும் தாக்கும் பொருளுக்கு எதிராக அவ்வாறு பழகுவது கிருமிக்குக் கடினம். தோல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இந்த எண்ணெயை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் இந்தக் குணத்துக்கு மறுபக்கமும் உண்டு. நம் தோலின் மேலடுக்கைப் பிணைத்து வைத்திருப்பதும் கொழுப்புதான். கிருமியின் சவ்வைக் கரைக்கும் பொருள், செறிவு கூடினால் நம் தோலின் அரணையும் கரைக்கும். ஆய்வகத் தட்டில் பருக் கிருமியை அடக்க ஒரு சதவீதத்துக்கும் குறைவான எண்ணெயே போதுமானதாக இருந்திருக்கிறது. தோலில் அது மயிர்க்காலின் ஆழம்வரை இறங்க வேண்டும், பாதி ஆவியாகிப் போகும், அதனால் கூடுதலாக வேண்டியிருக்கிறது. எவ்வளவு கூடுதல் என்பதுதான் விஷயம்.

ஆய்வுகளில் தெரிந்தது

பரு விஷயத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 1990இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. 124 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஆயில் ஜெல். இன்னொரு குழுவுக்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. இது பருவுக்கு நெடுங்காலமாக இருக்கும் நிலையான மருந்து. மூன்று மாதத்தில் இரண்டு குழுவிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. ஆனால் வறட்சி, எரிச்சல் போன்ற பக்கவிளைவுகள் டீ ட்ரீ குழுவில் 44 சதவீதம் பேருக்கும், பென்சாயில் பெராக்சைடு குழுவில் 79 சதவீதம் பேருக்கும் வந்தன.

இதை 'பென்சாயில் பெராக்சைடுக்குச் சமம்' என்று விளம்பரங்கள் சுருக்கிவிடுகின்றன. அது சரியில்லை. அந்த ஆய்வில் சும்மா ஜெல் மட்டும் தடவிய மூன்றாவது குழு இல்லை. பரு தானாகவே ஏறி இறங்கும் சங்கதி என்பதால், அப்படி ஒரு குழு இல்லாமல் எண்ணெயால் மட்டும் எவ்வளவு குறைந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. 'வேலை செய்கிறது, ஆனால் தாமதமாக, தோலை அவ்வளவு படுத்தாமல்' என்பதுவரை சொல்லலாம்.

அந்தக் குறையை 2007இல் ஈரானில் நடந்த ஆய்வு தீர்த்தது. மிதமான பரு உள்ள 60 பேரில் பாதிப் பேருக்கு 5 சதவீத ஜெல், மீதிப் பேருக்கு எண்ணெய் இல்லாத வெறும் ஜெல். யாருக்கு எது என்று தடவியவருக்கும் தெரியாது, எண்ணியவருக்கும் தெரியாது. 45 நாள் முடிவில், பரு எண்ணிக்கையைக் குறைப்பதில் டீ ட்ரீ ஜெல் 3.55 மடங்கும், பருவின் தீவிரக் குறியீட்டைக் குறைப்பதில் 5.75 மடங்கும் மேலாக இருந்தது. 'மடங்கு' என்ற சொல்லில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒப்பீடு வெறும் ஜெல்லோடு. அதில் குறைந்ததே கொஞ்சம்தான். கொஞ்சத்தின் மூன்றரை மடங்கு என்பது முகம் முழுக்கத் தெளிந்ததாக அர்த்தமில்லை.

2017இல் ஆஸ்திரேலியாவில் வந்த மூன்றாவது ஆய்வு மிகச் சிறியது. 12 வாரம் முழுவதும் இருந்து முடித்தவர்கள் 14 பேர். சராசரியாக 24 ஆக இருந்த பரு எண்ணிக்கை 11க்கு இறங்கியது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் இதைத் தனி ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதில் என்ன கொடுத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது. முகம் கழுவும் பொருளில் 0.7 சதவீத எண்ணெய். கழுவியபின் தடவிய ஜெல்லிலோ 20 சதவீதம். ஒரே ஆய்வுக்குள்ளேயே இரண்டு பொருளுக்கும் நடுவே கிட்டத்தட்ட 30 மடங்கு இடைவெளி.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட தொகுப்பு, டீ ட்ரீ ஆயில் பருவைக் குறைக்கலாம், ஆனால் ஆதாரத்தின் தரம் குறைவு என்றது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி பென்சாயில் பெராக்சைடையும் ரெட்டினாய்டு பூச்சுகளையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. டீ ட்ரீ ஆயிலைப் பொறுத்தவரை, பரிந்துரை செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்று நிறுத்திக்கொள்கிறது. இதற்குப் பொருள் 'பயனில்லை' என்பதும் இல்லை. பெரிய ஆய்வு நடத்த யாரும் பணம் போடவில்லை. காப்புரிமை வாங்க முடியாத ஒரு எண்ணெய்க்கு யார் போடுவார்கள்?

டப்பாவில் இருப்பது எவ்வளவு?

இனி நடைமுறைக்கு வருவோம். கடையில் டீ ட்ரீ என்ற பெயரில் கிடைப்பவை மூன்று வகை.

பாட்டிலில் வரும் கலப்பற்ற எண்ணெய் 100 சதவீதம். ஆய்வில் தடவிய 5 சதவீத ஜெல்லைப் போல 20 மடங்கு. இதை நேரடியாக முகத்தில் வைப்பது எந்த ஆய்வும் சோதித்துப் பரிந்துரைத்த முறை இல்லை. 'பருவின் தலையில் ஒரே ஒரு சொட்டு' என்ற அறிவுரையும் அப்படித்தான். ஒரு சொட்டு பருவோடு நிற்பதில்லை. சுற்றியுள்ள நல்ல தோலில் பரவும்.

ஜெல், சீரம், 'ஸ்பாட்' பூச்சு போன்ற தடவி விட்டுவிடும் பொருட்கள் இரண்டாவது வகை. இவற்றில் செறிவு பெரிதும் மாறுபடும். 5 சதவீதம் என்று எழுதியிருப்பது அரிது. ஐரோப்பிய ஒப்பனைப் பொருள் தொழில்துறையின் அன்றைய சங்கமான கொலிபா, உடலில் படும் பொருளில் இந்த எண்ணெய் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டாம் என்று 2002இலேயே தன் உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டது. பயன் தெரிந்த ஆய்வுகளின் அளவு 5. ஒப்பனைப் பொருளுக்கு உகந்ததாகச் சொன்ன அளவு 1. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் விழுகிறார்கள்.

மூன்றாவது வகை ஃபேஸ்வாஷ், சோப்பு, டோனர். எண்ணெயும் குறைவு, அது தோலில் இருக்கும் நேரமும் குறைவு. ஒரு நிமிடத்தில் கழுவிவிடும் பொருளிலிருந்து மயிர்க்காலுக்குள் பெரிதாக எதுவும் இறங்காது. இவை முகத்தைச் சுத்தமாக்கும். அதைத் தாண்டி இவற்றை மருந்தாக நினைத்துக் காசு கொடுப்பது வீண்.

சதவீதம் எழுதாத பொருளில் அளவை ஊகிக்க ஒரு வழி உண்டு.

1. பின்பக்கத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலில் 'மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா லீஃப் ஆயில்' என்ற பெயரைத் தேடுங்கள். 'லீஃப் வாட்டர்', 'எக்ஸ்ட்ராக்ட்' என்று இருந்தால் அது எண்ணெய் இல்லை. ஆய்வு முடிவுகளை அதற்குப் பொருத்த முடியாது.

2. பட்டியலில் அளவு அதிகமானது முதலிலும் குறைந்தது பின்னாலும் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் தயாரிப்பாளர் விருப்பப்படி எந்த வரிசையிலும் எழுதலாம்.

3. ஃபீனாக்சிஎத்தனால் என்ற பதப்பொருளைப் பல பொருட்களில் காணலாம். பெரும்பாலான விதிகளின்படி அது ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. எண்ணெயின் பெயர் அதற்குப் பின்னால் இருந்தால், எண்ணெய் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோதான்.

4. அதே பட்டியலில் சாலிசிலிக் அமிலமோ நியாசினமைடோ இருந்தால், கிடைக்கும் பலன் அவற்றால் வந்ததாகவும் இருக்கலாம். முகப்பில் இலைப்படம் போட்டுவிட்டு வேலையைச் சாலிசிலிக் அமிலத்திடம் ஒப்படைத்த பொருட்கள் ஏராளம். பருவுக்கு அது நல்ல பொருள்தான், புகழ் மட்டும் இலைக்குப் போகிறது.

வீட்டில் கலப்பது பற்றி

தயாரான 5 சதவீத ஜெல் கிடைத்தால் வீட்டுக் கலவை தேவையே இல்லை. கிடைக்காதவர்கள் கலக்கத்தான் செய்கிறார்கள் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது.

5 சதவீதம் என்றால் 20இல் ஒரு பங்கு. ஒரு சொட்டு எண்ணெய்க்கு 19 சொட்டு வேறு அடிப்பொருள். 10 மில்லி கலவைக்கு அரை மில்லி எண்ணெய், ஒன்பதரை மில்லி அடிப்பொருள். டிராப்பருக்கு டிராப்பர் சொட்டின் அளவு மாறும். ஒரு மில்லிக்கு 20 சொட்டும் வரும், 30 சொட்டும் வரும். ஆகவே சொட்டை எண்ணுவதைவிட ஊசியில்லாத சிறு சிரிஞ்சால் அளப்பது மேல். முதல் முறை போடுபவர் 5இல் தொடங்காமல் 1 அல்லது 2 சதவீதத்தில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

தண்ணீரில் கலக்கலாமா? கூடாது. எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். குலுக்கித் தடவினாலும் ஒரு இடத்தில் வெறும் தண்ணீர், இன்னொரு இடத்தில் 100 சதவீத எண்ணெய் என்றுதான் படும். தேங்காய் எண்ணெயில் கலப்பதும் பலர் செய்வது. அது மயிர்க்கால்களை அடைக்கும் இயல்புடையது என்பதால் பருவுள்ள முகத்துக்கு ஏற்ற அடிப்பொருள் இல்லை. ஜொஜோபா எண்ணெய், அல்லது தோலுக்கு ஏற்கெனவே பழகிய மணமற்ற மாய்ஸ்சரைசர் பரவாயில்லை. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை ஆகியவற்றோடு கலக்கச் சொல்லும் குறிப்புகள் சுற்றுகின்றன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, செய்ய வேண்டாம்.

பழைய பாட்டில் ஏன் ஆபத்து?

பலர் அறியாத விஷயம் இது. புதிய டீ ட்ரீ ஆயில் ஒவ்வாமையை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. காற்று, வெளிச்சம், சூடு மூன்றும் பட்டால் அதன் சேர்மங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறுகின்றன. பெராக்சைடுகள், அஸ்காரிடோல் போன்ற புதிய பொருட்கள் உண்டாகின்றன. ஒவ்வாமையை அதிகம் தூண்டுபவை இவைதான். இரண்டு வருடமாகக் குளியலறை அலமாரியில் மூடி சரியாகப் போடாமல் இருந்த பாட்டில், வாங்கிய அன்று இருந்த அதே பொருள் இல்லை. அடர்நிறக் கண்ணாடி பாட்டிலில், இறுக மூடி, குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். திறந்த தேதியை மேலே எழுதி ஒட்டி, ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. மிச்சமாகிறதே என்று மனம் கேட்காதுதான்.

தோல் ஒவ்வாமைக்காகப் பேட்ச் டெஸ்ட் (சந்தேகப்படும் பொருளைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்துகொண்டவர்களில் 0.1 முதல் 3.5 சதவீதம் பேருக்கு டீ ட்ரீ ஆயில் ஒவ்வாமை தெரிந்திருக்கிறது. அவர்கள் ஏற்கெனவே தோல் தொந்தரவோடு மருத்துவரிடம் வந்தவர்கள். பொதுமக்களிடம் இது இன்னும் குறைவாகவே இருக்கும்.

எரிச்சலும் ஒவ்வாமையும் ஒன்றில்லை. எரிச்சல் செறிவால் வருவது. தடவிய சிறிது நேரத்தில், தடவிய இடத்தில் மட்டும் காந்தும். செறிவைக் குறைத்தால் போய்விடும். ஒவ்வாமை எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. பல நாள் நன்றாக இருந்துவிட்டுத் திடீரென வரும். தடவி ஒன்றிரண்டு நாள் கழித்து அரிப்பும் சிறு கொப்புளங்களும் தோன்றும். தடவாத இடத்துக்கும் பரவும். ஒருமுறை வந்துவிட்டால் உடல் அதை மறக்காது. ஷாம்பு, மவுத்வாஷ் என்று எதில் இந்த எண்ணெய் இருந்தாலும் ஆயுள் முழுக்கத் தவிர்க்க வேண்டிவரும்.

இதனால்தான் முகத்துக்குப் போகுமுன் கையில் சோதிக்கச் சொல்கிறார்கள். முழங்கை மடிப்பின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில், முகத்துக்குப் போடப்போகும் அதே கலவையைக் காலையும் மாலையும் ஏழு நாள் தடவ வேண்டும். ஒரே ஒரு தடவை தடவி அரை மணி நேரம் பார்ப்பது எரிச்சலை மட்டும்தான் காட்டும், ஒவ்வாமையைக் காட்டாது.

ஐரோப்பாவில் எழுந்த சர்ச்சை

2023இல் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் அபாய மதிப்பீட்டுக் குழு, டீ ட்ரீ ஆயிலை இனப்பெருக்கத்துக்கு நச்சாகக்கூடிய பொருள் என்று '1பி' பிரிவில் வகைப்படுத்தப் பரிந்துரைத்தது. ஃபேஸ்வாஷ் போட்டால் மலட்டுத்தன்மை வரும் என்ற அளவுக்கு இது ஊதிப் பெருகியது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு பொருளால் ஏதோ ஒரு அளவில் தீங்கு செய்ய முடியுமா என்பது அதன் தீங்கியல்பு. நாம் பயன்படுத்தும் அளவில் அந்தத் தீங்கு நேருமா என்பது அபாயம். குழுவின் வகைப்பாடு முதலாவதைப் பற்றியது. அதன் அடிப்படை, விலங்குகளுக்கு வாய்வழியாக அதிக அளவு கொடுத்துச் செய்த சோதனைகள். பருவின் மேல் ஜெல் தடவும்போது உடலுக்குள் போவது மிகச் சிறு அளவு. ஆனால் ஐரோப்பியச் சட்டத்தில் 1பி பிரிவுப் பொருளை ஒப்பனைப் பொருளில் சேர்க்கத் தனி விலக்கு வேண்டும் என்பதால், தயாரிப்பாளர்களுக்கு இது பெரிய விஷயமாகிவிட்டது.

2007இல் இன்னொரு பயமும் கிளம்பியது. லாவெண்டர் கலந்த பொருட்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு மார்பு வீங்கியதாக ஒரு மருத்துவ இதழில் அறிக்கை வந்தது; அவர்களில் ஒருவர் பயன்படுத்தியதில் டீ ட்ரீ எண்ணெயும் இருந்தது. எண்ணெய்தான் காரணமா என்று இன்றுவரை விவாதம் ஓயவில்லை. பருவத்தை எட்டாத குழந்தைகளுக்குப் பருவும் அபூர்வம், ஆகவே அவர்களுக்கு இதைத் தடவத் தேவையே வராது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள் விஷயத்தில், நன்றாக ஆராயப்பட்ட அசெலாயிக் அமிலம் போன்றவை இருக்கும்போது இந்த எண்ணெயில் பரிசோதனை செய்வானேன்? மருத்துவரைக் கேட்டுவிடுவது மேல்.

போடுவதாக முடிவு செய்தால்

காலையோ இரவோ ஒருவேளை, மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவி, ஈரம் நன்றாக உலர்ந்தபின், கண், உதடு, மூக்குத் துவாரம் ஆகியவற்றை விட்டுவிட்டு மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். தோல் தாங்கினால் இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வேளை. அதே வேளையில் பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம், அடாபலீன் (ரெட்டினாய்டு வகைப் பூச்சு) எதையும் மேலே போட வேண்டாம். ஒவ்வொன்றும் தனித்தனியே தோலை உலர்த்தும். சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே இரவில் பரு வற்றிவிட்டது என்றால், பெரும்பாலும் அது வற்றும் கட்டத்தில் இருந்த பருதான். ஆய்வுகள் ஆறு வாரத்திலிருந்து 12 வாரம்வரை ஓடியிருக்கின்றன. எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையென்றால் செறிவைக் கூட்டாதீர்கள், மருந்தை மாற்றுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு அடுத்த படியாக இருக்கலாம். அது தோலை உலர்த்தும், துணியில் பட்டால் சாயமும் போய்விடும்.

எட்டு வாரம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. தோலுக்கடியில் கோலிக்குண்டு போல உருளும் வலியுள்ள கட்டிகள், ஆறிய இடத்தில் பள்ளம் விழுவது ஆகியவை இருந்தால் நேரே தோல் மருத்துவரிடம் போக வேண்டும். பள்ளத் தழும்பை எந்தப் பூச்சாலும் முழுதாக நிரப்ப முடியாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், தாடையிலும் மோவாயிலும் பரு, முகத்தில் முடி வளர்ச்சி என்று சேர்ந்து வந்தால் ஹார்மோனைப் பரிசோதிக்க வேண்டும். நெற்றியில் ஒரே அளவில் நெருக்கமாகப் பொரிந்து அரிக்கும் சிறு பொரிகள் பலநேரம் பருவே இல்லை. மலசீசியா என்ற பூஞ்சையின் வேலை. அதற்கு மருந்தே வேறு.

கடைசியாகப் பாட்டிலை வைக்கும் இடம். இந்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது. சில மில்லி உள்ளே போனாலே குழந்தைகளுக்குத் தள்ளாட்டமும் மயக்கமும் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன; சுயநினைவு இழந்தவர்களும் உண்டு. தவறிப்போய் யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூனைக்கும் நாய்க்கும் தோலில் தடவினாலே நச்சு. தடவிய முகத்தைப் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.